ஃபட்ஜ் விதித்தொகுப்புடன் பல ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஆளுக்கொரு கதைப்பாத்திரமாக மாறி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கான ஃபட்ஜ் என்னும் பொது விதித்தொகுப்பை எங்கள் குழு பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. மாயாஜாலம், கடற்கொள்ளை, துப்பறிதல், விண்வெளி என்று கதைக்களம் எதுவானாலும் ஒரே விதிகளை வைத்து ஆட வேண்டும், புதிதாகச் சேருபவரின் தலையில் விலையுயர்ந்த தடிமனான புத்தகங்களைக் கட்டக் கூடாது என்ற இரண்டு காரணங்களுக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம். இவ்வளவு காலம் ஆடியபின் என் முடிவு இதுதான்: ஃபட்ஜ் எடுத்தவுடன் ஆடக்கூடிய விளையாட்டு அல்ல, நமக்கான விளையாட்டை நாமே அமைத்துக்கொள்வதற்கு வேண்டிய உறுப்புகளின் தொகுப்பு. அந்த வேலையை விரும்பிச் செய்யும் ஒருவர் குழுவில் இருந்தால் இதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது. அப்படி ஒருவர் இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் மட்டும் பெரிய பயன் ஏதும் இல்லை.

இதன் தன்மைக்கு இது பிறந்த விதமே காரணம். ஜர்ப்ஸ் என்னும் வேறொரு பொது ரோல்பிளேயிங் விளையாட்டுக்குத் துணைநூல்கள் எழுதியவரான ஸ்டெஃபன் ஓசலிவன், 1992ஆம் ஆண்டின் இறுதியில், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய எளிய பொது விதிமுறை ஒன்றை உருவாக்கலாம் என்று யூஸ்நெட் என்னும் பழைய இணைய விவாத மன்றத்தில் இயங்கிய விளையாட்டு வடிவமைப்புக் குழுவில் முன்மொழிந்தார். பலர் கருத்துச் சொல்ல, சிலர் மறுக்க, அவர் தொகுத்துத் திருத்த, விதிகள் படிப்படியாக உருப்பெற்று 1995இல் முழு நூலாயின. பலர் கூடிச் செய்தால் எல்லாருக்கும் ஒத்துவரும் ஒற்றை வழி கிடைப்பதில்லை; ஆகவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லி, வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது இந்நூல். பாத்திரங்களுக்கு எத்தனை பண்புகள், அவற்றின் பெயர்கள் என்ன, திறமைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பவற்றைக்கூட அது தீர்மானிப்பதில்லை.

தீர்மானித்துத் தருவது இரண்டை மட்டும்தான். அந்த இரண்டும் அருமையானவை. முதலாவது, எண்களுக்குப் பதிலாகச் சொற்களால் ஆன ஏழு படிகள் கொண்ட ஏணி. எங்கள் குழுவில் அதை மிக மோசம், மோசம், சுமார், பரவாயில்லை, நன்று, சிறப்பு, அபாரம் என்று வழங்குகிறோம். இரண்டாவது, ஆறு பக்கங்களில் இரண்டில் கூட்டல் குறியும் இரண்டில் கழித்தல் குறியும் உள்ள, மீதி இரண்டு வெறுமையாக இருக்கும் பகடை. அப்படி நான்கு பகடைகளை உருட்டி, விழுந்த குறிகளைக் கூட்டிக் கழித்து, பாத்திரத்தின் திறமைப் படியிலிருந்து அத்தனை படி ஏறவோ இறங்கவோ வேண்டும். இந்தப் பகடை கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், வீட்டில் இருக்கும் லூடோ பகடைகளையே உருட்டி, 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 விழுந்தால் வெறுமை, 5, 6 விழுந்தால் கூட்டல் என்று எடுத்துக்கொண்டோம். இந்த மாற்று வழியும் நூலிலேயே இருக்கிறது.

நான்கு பகடைகள் விழக்கூடிய 81 விதங்களில் 19 விதங்களில் விளைவு பூஜ்யம். மேலே ஒரு படி, கீழே ஒரு படி என்பதையும் சேர்த்தால் 51 விதங்கள். அதாவது ஏறக்குறைய 63 விழுக்காடு உருட்டல்களில் பாத்திரம் தன் இயல்பான திறமையிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகுவதில்லை. நான்கு படி ஏறுவதற்கான வாய்ப்பு 81இல் ஒன்றே ஒன்று. இருபது பக்கப் பகடையை நம்பி ஆடும் விளையாட்டுகளில் கைதேர்ந்த வீரன் அடிக்கடி அசட்டுத்தனமாகத் தோற்பதைக் கண்டு சலித்தவர்களுக்கு இந்த நிலைத்தன்மை பெரிய ஆறுதல். எங்கள் குழுவில் நன்றாகப் பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் என்று எழுதப்பட்ட பாத்திரம், நடைமுறையிலும் அப்படித்தான் இருந்தது.

இதே கணக்குதான் சண்டையில் வேறு முகம் காட்டுகிறது. எங்கள் கடற்கொள்ளையர் கதையில் நடந்த ஒரு மோதலையே எடுத்துக்கொள்ளலாம். கப்பலின் துணைத்தலைவி வாள்வீச்சில் நன்று. எதிரே நிற்கும் துறைமுகக் காவலன் பரவாயில்லை. அவளுக்கு விழுந்தது கூட்டல் இரண்டு, ஆகவே விளைவு அபாரம். அவனுக்கு விழுந்தது கழித்தல் ஒன்று, ஆகவே சுமார். இடைவெளி நான்கு படிகள். எங்கள் அட்டவணைப்படி அவள் வாளுக்கு 3 சேர்த்து, அவன் தோல் கவசத்துக்கு 1 கழித்தால் வருவது 6; நூலின் காயப் பட்டியலில் 5, 6 என்பது பலத்த காயம். பலத்த காயம் பட்டவன் எதைச் செய்தாலும் இரண்டு படி இறங்கும் என்பதால், காவலன் அந்தக் கணத்திலிருந்து மோசமான வாள்வீரன் ஆகிவிட்டான், சண்டையும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வாய்விட்டு எண்ணி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கு இவ்வளவு சுருக்கமாக இருந்தும் வாளின் தரமும் கவசமும் கைத்திறனும் தனித்தனியே பொருள்படுவது இதன் அழகு.

ஆனால் இருவரும் சமபலம் உள்ளவர்களாக இருந்தால் முதல் அடியை யார் வாங்குகிறாரோ அவர் கதை பெரும்பாலும் முடிந்தது. சமமானவர்கள் மோதும்போது ஒரு சுற்றில் ஒருவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடு. சிறிய காயத்தால் ஒரு படி இறங்கினால் அதுவே 26 விழுக்காடாகச் சரிகிறது, எதிரியின் வாய்ப்போ 58ஐத் தாண்டுகிறது. ஏழே படிகள் கொண்ட ஏணியில் ஒரு படி என்பது பெரிய தொலைவு. வாளும் கவசமும் மேலே சொன்ன மதிப்பிலேயே இருந்தால், ஒரே ஒரு படி இடைவெளியில் வென்றாலும் கணக்கு 3க்கு வந்து, அந்தப் படியிறக்கத்தைத் தரும் காயம் ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே மயிரிழையில் வென்றால் அது உரசல் மட்டுமே என்று நூல் விருப்பத்துக்கு விட்டிருக்கும் விதியை நாங்கள் கட்டாயமாக்கினோம். சிறிய காயத்துக்கு உரிய ஒரு படி இறக்கத்தையும் முக்கியப் பாத்திரங்களுக்கு நீக்கினோம். அதன்பிறகே சண்டைகள் மூன்று நான்கு சுற்றுகளாவது நீண்டு, தந்திரத்துக்கும் பின்வாங்குதலுக்கும் இடம் கிடைத்தது. இப்படி எதையாவது மாற்றாமல் ஃபட்ஜில் வாட்சண்டைக் கதை நடத்த முயலாதீர்கள் என்பதே என் அறிவுரை.

உயிர்களின் பருமனைக் குறிக்கும் அளவுநிலை என்னும் கருத்தையும் சொல்ல வேண்டும். மனிதர் பூஜ்யம், ஒவ்வொரு அளவுநிலைக்கும் பலம் ஒன்றரை மடங்காகப் பெருகும். இதனால் ‘பலம்: பரவாயில்லை’ என்று எழுதப்பட்ட யானையையும் அதே சொல்லால் எழுதப்பட்ட அணிலையும் குழப்பமில்லாமல் ஒரே கதையில் வைக்க முடிகிறது. இடைவெளி மிகவும் கூடினால் பகடை உருட்டுவதே வீண் என்றாலும், யானையோடு கைகலப்பு என்பது இயல்பிலேயே அப்படித்தானே!

பாத்திர உருவாக்கம்தான் புதியவர்கள் தடுமாறும் இடம். பண்புகள் பரவாயில்லையிலிருந்தும் திறமைகள் மோசத்திலிருந்தும் தொடங்கும் என்று வழிகாட்டும் நூல், திறமைப் பட்டியலைத் தேர்ந்து தரும் பொறுப்பை, கதையை நடத்துபவரான கேம் மாஸ்டரிடம் ஒப்படைக்கிறது. ‘வாள்வீச்சு’ என்று ஒருவரும் ‘எல்லா ஆயுதப் பயிற்சியும்’ என்று இன்னொருவரும் எழுதிக்கொண்டால் புள்ளிகள் எவ்வளவு கவனமாகப் பங்கிடப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஓசலிவனே பின்னர் எழுதிய ஐந்து புள்ளி ஃபட்ஜ் என்னும் முறை இதற்கு நல்ல மருந்து. போர், தந்திரம், கல்வி என்பது போன்ற திறமைக் குழுக்களுக்கு ஐந்து புள்ளிகளைப் பங்கிட்டாலே பாத்திரம் தயாராகிவிடும். ஒவ்வொரு புதிய கதைக்கும் குழுக்களின் பட்டியலை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

நெடுங்காலம் ஆடியவர்களுக்கு மட்டுமே தெரியும் குறை ஒன்று உண்டு. பரவாயில்லையிலிருந்து நன்றுக்கு ஏற 2 அனுபவப் புள்ளி, அங்கிருந்து சிறப்புக்கு 4, அபாரத்துக்கு 8 என்று விலை இரட்டிப்பாவதால் வளர்ச்சி மெதுவாகத் தோன்றும். ஆயினும் ஏணி குட்டையானது என்பதால், ஒரே கதையை நீண்ட நாள் நடத்தும்போது எல்லாருடைய முக்கியத் திறமையும் உச்சியைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் பாத்திரங்கள் அகலத்தில்தான் வளர்கின்றன. மாதத்துக்கு ஒரு புது வலிமை வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆட்டக்காரர் எங்கள் குழுவிலும் இருந்தார்; அவருக்கு இது பிடிக்கவே இல்லை, அது நியாயமும்கூட.

இலவசமான மாற்றுகளையும் ஆடிப் பார்த்திருக்கிறோம். ரிசஸ் சில பக்கங்களில் முடிந்துவிடுவதும் நகைச்சுவைக்கு ஏற்றதுமான விளையாட்டு. ஒரு மாலைப்பொழுதுக்கு அதுவே போதும். முப்பத்திரண்டு பக்கங்களில் கிடைக்கும் ஜர்ப்ஸ் லைட், எண்ணும் அளவும் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கு. ஃபட்ஜின் ஏணியையும் பகடையையும் எடுத்துக்கொண்டு 2003இல் ராப் டோனஹியூவும் ஃப்ரெட் ஹிக்ஸும் வளர்த்த ஃபேட் இன்று தாயைவிடப் பெயர்பெற்ற பிள்ளை. 2013இல் வந்த ஃபேட் கோர் நன்கு செப்பனிடப்பட்டது, படித்தவுடன் ஆடலாம். ஆனால் பாத்திரத்தின் இயல்பைச் சொற்றொடர்களாக எழுதி, புள்ளி கொடுத்து அவற்றைத் தூண்டுவது அதில் ஆட்டத்தின் மையம். ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பேரம் குறுக்கிடுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஃபட்ஜில் அந்த இடம் வெறுமையாக இருப்பதே எனக்கு வசதி.

சொந்தமாக விளையாட்டு எழுதி வெளியிட நினைப்பவர்கள் உரிமத்தையும் கவனிக்க வேண்டும். முதலில் ஃபட்ஜ் தனக்கென வகுத்த நிபந்தனைகளின் பேரில்தான் கிடைத்தது. 2005இல்தான், விதிகளைப் பிறரும் தம் நூல்களில் எடுத்தாள அனுமதிக்கும் திறந்த விளையாட்டு உரிமத்தின் கீழ் வந்தது. அந்த உரிமத்தை எழுதியது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்னும் புகழ்பெற்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் உரிமையாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். 2023 ஜனவரியில் அந்நிறுவனம் பழைய உரிமத்தைச் செல்லாததாக்க முனையும் வரைவு வெளியே கசிந்தபோது, டி அண்ட் டியுடன் தொடர்பே இல்லாத ஃபட்ஜ் பயனர்களும் கவலைப்பட நேர்ந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த மாதமே முயற்சி கைவிடப்பட்டது. பழைய உரிமம் அப்படியே நீடிக்கிறது. ஃபேட் கோர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கிடைப்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் ஆடுபவருக்கு இவை எதுவும் தேவையில்லை. ஃபட்ஜை அடிப்படையாகக் கொண்டு நூல் வெளியிடுபவர் மட்டும் உரிமத்தின் முழு வாசகத்தையும், அதன் பதினைந்தாம் பிரிவில் தமக்கு அடிப்படையான நூல்களின் பதிப்புரிமைக் குறிப்புகளோடு தம்முடையதையும் சேர்த்து, நூலிலேயே அச்சிட்டாக வேண்டும்.