ஜெராம் சேற்றில் அடிடாஸ் கம்போங்

அடிடாஸ் கம்போங் என்ற ரப்பர் சப்பாத்தின் விலை 12 வெள்ளி (ரிங்கிட்). குறைகளை அப்புறம் சொல்கிறேன், தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சிலாங்கூர் கடலோரத்து ஜெராம், கோலசிலாங்கூர் பக்கத்துச் சேற்றில் நடக்க இதைவிட நல்ல சப்பாத்து என் கண்ணில் பட்டதில்லை. தார் சாலையில் நடக்க இதைவிட மோசமானதையும் நான் பார்த்ததில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எந்தச் சப்பாத்து என்று விளக்கத் தேவையில்லை. கறுப்பு ரப்பர், முழுக்க ஒரே வார்ப்பு, கயிறு கட்டும் வேலை இல்லை, அடியில் முட்டு முட்டாகப் பற்கள். சாமான் கடையில் குலை வெட்டும் அரிவாள், கையுறை, மருந்து அடிக்கும் தோம்பு இவற்றோடு ஜோடி ஜோடியாகக் கயிற்றில் தொங்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் போட்டார்கள், பிறகு செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியவர்களும் இதையே போட்டார்கள். மலாய்க்காரர்கள் வேடிக்கையாக வைத்த பெயர்தான் அடிடாஸ் கம்போங், அதாவது கிராமத்து அடிடாஸ். அந்த ஜெர்மன் கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் கடையில் எல்லாரும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

நான் தையல்காரி. புக்கிட் ரோத்தான் பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை, பஞ்சாபி சூட் தைக்கிறேன். பகல் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீட்டில் நிற்காது. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் மட்டும் அதற்கு வழியில்லை, ராத்திரி வரை மிஷின் ஓடும். மற்ற காலத்தில் பக்கத்து வீட்டு அக்காவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கோ கோட்டைக் குன்றுக்கோ கிளம்பிவிடுவேன். அக்கா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி ஓய்வு பெற்றவர். இந்தச் சப்பாத்தோடு அவருக்குள்ள பழக்கம் என் வயதில் பாதி இருக்கும்.

தொழில் புத்தி விடுமா? எந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது தையலைத்தான். 200, 300 வெள்ளி விலையுள்ள நடைச் சப்பாத்துகளில் மேல் துணியும் அடிப்பாகமும் சேருகிற இடம்தான் முதலில் வாயைப் பிளக்கும். உப்புத் தண்ணீரும் சேறும் மாறி மாறிப் பட்டால் பசை தாங்காது. என் மகன் பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த ஜோடி அப்படித்தான் போனது. பாவம், அது சேற்றுக்காகச் செய்ததும் இல்லை. ரப்பர் சப்பாத்தில் பிரிவதற்குத் தையல் கிடையாது, விட்டுப்போகப் பசையும் கிடையாது.

வாங்கும்போது அளவில்தான் எல்லாமே இருக்கிறது. அரை நம்பர் என்ற பேச்சே இல்லை, 6 விட்டால் 7. எங்கள் ஊர் சாமான் கடைத் தௌக்கேயின், அதாவது சீன முதலாளியின் மனைவி நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். ஸ்டோக்கின் (காலுறை) இல்லாமல் வெறுங்காலோடு அளவு பார்க்க வருகிறவர்களை அவர் விடமாட்டார். "அக்கா, ஸ்டோக்கின் போட்டுட்டு வா, அப்புறம் நம்பர் பாரு. சும்மா கால்ல பாத்து வாங்கிட்டு நாளைக்கு வந்து என்கிட்ட சண்டை போடாதே." நியாயமான பேச்சு. நல்ல தடிமனான ஸ்டோக்கின் போட்டபின் கால் இறுக்கமாக உட்கார வேண்டும், விரல் மட்டும் மடங்காமல் இருக்க வேண்டும். கால் நகத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். முன்பக்க ரப்பர் விட்டுக்கொடுக்காது, இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அக்காவின் கதை ஒன்று உண்டு. ஒரு நாள் மகளுடைய ஜோடியை மாட்டிக்கொண்டு பந்தாய் ரெமிஸுக்கு வந்துவிட்டார். சேற்றில் முழங்கால் வரை இறங்கினார், காலைத் தூக்கினார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. இரண்டு பேரும் குனிந்து கையால் தோண்டினோம். சப்பாத்து கிடைப்பதற்குள் நாலைந்து கெராங் சிப்பி கிடைத்தது. அக்கா கெராங்கைத்தான் முதலில் பத்திரப்படுத்தினார்.

பந்தாய் ரெமிஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயர்தான் பந்தாய் (கடற்கரை), வெள்ளை மணலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் பின்வாங்கி, கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு பளபளக்கும். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்று வந்த நேரத்துக்கே இன்றும் வந்தால் சரிப்படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக வற்றும், சேறும் அதிகமாக வெளியே தெரியும். நான் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது அந்த நாட்களுக்குத்தான். வீட்டுக்காரர் அதை விரத நாள் என்று நினைத்துக்கொண்டு கோழி வாங்காமல் வந்ததும் உண்டு.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிடுகிற சிறு நண்டுகள். துடுப்பை ஊன்றி நடந்து போகிற பெலாச்சாக் மீன்கள். செப்டம்பர் வாக்கில் வடக்கே இருந்து உள்ளான் கூட்டம் வரும், மார்ச், ஏப்ரல் வரை இங்கேயே மேயும். சிவந்த கால் கொண்ட பவளக்காலி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் நாலு எட்டு நெருங்கினாலே கத்திக்கொண்டு பறந்து மற்ற பறவைகளையும் கிளப்பிவிடும். வளைந்த நீள அலகோடு கோட்டானும் வரும், ஆந்தையைச் சொல்லவில்லை, இது கரைப்பறவை. இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் கரையோரச் சேற்றில் இறங்கி மெல்ல நடக்க வேண்டும்.

இங்கேதான் சப்பாத்து தன் வேலையைக் காட்டுகிறது. அடிப்பாகம் மெல்லியது, காலோடு சேர்ந்து வளையும். பற்கள் குட்டை, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. அதனால் சேறு இடுக்கில் அடைத்துக்கொள்ளாமல் அடுத்த எட்டிலேயே உதிர்ந்துவிடும். ஆழமான பள்ளம் வெட்டிய விலையுயர்ந்த சப்பாத்தில் சேறு அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் செங்கல்லைத் தூக்குவதுபோல் கனக்கும். இதில் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள உள்ளே பஞ்சு எதுவும் இல்லை. கழற்றிக் கவிழ்த்தால் தீர்ந்தது. ஆப்பி ஆப்பி என்ற அலையாத்தி மரத்தடியில் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களை மிதித்தாலும் பாதம் வலிக்காது. சிறு சிப்பி ஓடுகளையும் தாங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சப்பாத்து நன்றாகப் பிடிக்கிறதே என்று வெகுதூரம் போய்விடாதீர்கள். தட்டையான சேற்றில் தண்ணீர் திரும்பும்போது வேகமாக ஏறும். நாங்கள் கடைகள் தெளிவாகத் தெரிகிற தூரத்தைத் தாண்டுவதில்லை.

அடுத்த சோதனை கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் 1987இல் தொடங்கியது. மழை பெய்து ஓய்ந்த பிறகு அங்குள்ள மண் கரைமேல் நடந்து பாருங்கள். மற்றவர்கள் கையை விரித்துக்கொண்டு வாத்து நடை போடும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே போவோம். ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் பலகை போட்ட நடைபாதை வந்ததும் கதை மாறிவிடும். பாசி பிடித்த ஈரப் பலகையில் இந்த ரப்பர் பற்கள் பிடிப்பதில்லை, வழுக்குகின்றன. பற்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பதற்காகச் செய்தவை, பலகைக்குள் எப்படி இறங்கும்? ஈரமான சிமெண்டுத் தரை, டைல்ஸ் போட்ட கழிவறைத் தரை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். கைப்பிடியை விடாதீர்கள்.

புக்கிட் மெலாவாத்தி என்ற அந்தக் கோட்டைக் குன்றுக்கு மட்டும் நான் இதைப் போடுவதில்லை. மேலே வரை தார் சாலை. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், ஆரஞ்சு நிறக் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லூத்தோங் குரங்குகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. பார்க்கிற மனநிலையில் குதிகால் நம்மை விட வேண்டுமே. இந்தச் சப்பாத்தில் மெத்தென்று எதுவும் இல்லை, ஒவ்வொரு முட்டும் பாதத்தில் தனித்தனியாகத் தெரியும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் உள் அட்டையை வெட்டிப் போட்டால் வலி குறையும். ஆனால் அந்த அட்டை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சப்பாத்தின் பெரிய நன்மையே போய்விடும். தாருக்கு வேறு சப்பாத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் நன்றாகவே நடக்கலாம். பயப்பட வேண்டியது செம்பனை மட்டைக்கு. நம் மாவட்டத்துக்குச் செம்பனை புதிதல்ல, நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காக அதை நட்டது 1917இல் இங்கே பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றைக்கிருந்த அதே முள்தான் இன்றும். வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பக்க முள் இந்த அடிப்பாகத்தை ஊசி துணியில் இறங்குகிற மாதிரி துளைத்துவிடும். வரிசைக்குள் இறங்காமல் சாலையோடு நடங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றுப் போக வழியே இல்லாத ரப்பர், நம் வெயில். ஒரு மணி நேரத்தில் கால் வெந்துவிடும். வெள்ளை ஸ்டோக்கின் போட்டால் கறுப்புச் சாயம் ஏறும், அது சோப்புக்கு அசையாது. உள்ளே துணி ஒட்டியது, ஒட்டாதது என இரண்டு வகை வருகிறது. துணி வைத்தது போடும்போது சுகம், ஆனால் சீக்கிரம் காயாது, நாற்றமும் அதில்தான் தங்கும். துணி இல்லாததையே எடுங்கள்.

திரும்பி வந்ததும் குழாயடியில் கழுவி நிழலில் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் ரப்பர் இறுகி, மடிகிற இடத்தில் வெடிப்பு விழும். மோட்டாருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பெட்ரோல், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிடும். இப்படிப் பார்த்துக்கொண்டால் எங்களைப் போன்ற நடைக்காரர்களுக்கு ஒரு ஜோடி ஒரு வருடம் சாதாரணமாக உழைக்கும். தினமும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சில மாதங்கள்தான் என்கிறார் அக்கா.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது. நான் பள்ளிக்குப் போன காலத்தில் அம்மா தோட்டத்து வெளிக்காட்டு வேலையிலிருந்து நேராக இந்தச் சப்பாத்தோடு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டால், சில பிள்ளைகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒட்டுப்பால் வாடையும் ரப்பர் சப்பாத்தும் சேர்ந்தால் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமாம். இப்போது கோலாலம்பூரிலிருந்து மலையேறுகிற பிள்ளைகள் காரில் வந்து, இதையே மாட்டிக்கொண்டு, காலை முன்னால் நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 4,095 மீட்டர் கினாபாலு மலையில் வழிகாட்டிகள் இதைப் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்த ஆர்வம். அவர்களைக் குறை சொல்லவில்லை, சப்பாத்து அதற்குத் தகுதியானதுதான். அக்காவுக்கு மட்டும் இந்தப் பெருமை இன்னும் பிடிபடவில்லை. "படம் எடுக்கிற அளவுக்கு இதுல என்னடி இருக்கு?" என்று என்னைக் கேட்கிறார்.

பெரிய ஊர்ப் பேரங்காடிகளிலும் இணையத்திலும் இதே சப்பாத்தைக் கலர் கலராக அடித்து, ஏறத்தாழ இரண்டு மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்தேன். நிறத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை, சேற்றில் இறங்கினால் எல்லாம் ஒரே நிறம்தான். தோட்டத்துச் சாமான் கடையில் வாங்குங்கள். 8, 9 நம்பர் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடுங்கள். சனிக்கிழமை காலையில் அந்த மலையேறும் பிள்ளைகள் வந்து கயிற்றோடு அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் தொங்குவது 5 நம்பர் மட்டும்தான்.