சர்க்கரை வந்த பூனைக்கு எது சரி: கிபிலா, பவுச்சா, டின்னா, வீட்டுச் சமையலா?

பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘டயபெடிக்’ என்று அச்சடித்த பையைத் தேடிப் போவார்கள். இல்லையென்றால் கடைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டுக் கோழியும் சோறும் வேகவைப்பார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: அந்த உணவு தரும் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு எத்தனை சதவீதம்? சர்க்கரைப் பூனைக்கு அது 12%ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் குளுக்கோஸை மடக்கிப் பிடிக்கும் குளுக்கோகைனேஸ் நொதி அங்கே மிகக் குறைவாகத்தான் வேலை செய்கிறது. போதாக்குறைக்கு, புரதத்திலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும் வேலை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் மாவுச்சத்து ஏற்றிவிட்ட சர்க்கரை மணிக்கணக்கில் இறங்காமல் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை முதலிலேயே. இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு, இதைப் படித்துவிட்டு இன்றிரவே சாப்பாட்டை மாற்றிவிடாதீர்கள். ஏன் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பையின் பின்பக்கக் கணக்கு

உணவுப் பையில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் இருக்கும். மாவுச்சத்து பெரும்பாலும் இருக்காது. 100லிருந்து அந்த நான்கையும் சாம்பலையும் (தாது உப்புகளை லேபிளில் இப்படித்தான் குறிப்பார்கள்) கழித்தால் மிஞ்சுவதுதான் மாவுச்சத்து. சாம்பல் போடவில்லையென்றால் உலர் உணவுக்கு 8, ஈர உணவுக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கினால் 100 கிராமில் உள்ள கலோரி வந்துவிடும்.

ஒரு சாதாரண கிபிலை, அதாவது உருண்டை உருண்டையான உலர் உணவை, எடுத்துக்கொள்வோம். புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மிச்சம் 36 மாவுச்சத்து. கலோரி 112 + 85 + 126 = 323. மாவுச்சத்தின் பங்கு 126ஐ 323ஆல் வகுத்தால் 39%.

பேட் வகை (இறைச்சியை அரைத்துக் கெட்டியாக்கியது) டின் ஒன்று: புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2. மிச்சம் 2. கலோரி 84.5, அதில் மாவுச்சத்து 7, அதாவது 8%.

கிரேவி பவுச் ஒன்று: புரதம் 8, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 82, சாம்பல் 2. மிச்சம் 4. கேட்டால் ‘நாலுதானே’ என்று தோன்றும். மொத்தக் கலோரியே 67.5தான், அதில் 14 மாவுச்சத்து, 21% ஆகிவிட்டது.

ஈர உணவில் ஒரு சதவீதப் பிழைகூடப் பங்கைப் புரட்டிவிடும். மேலே சொன்ன டின்னில் 2க்குப் பதில் 3 என்று வைத்தாலே 12% வந்துவிடுகிறது. லேபிளில் புரதமும் கொழுப்பும் ‘குறைந்தபட்சம்’ என்றுதான் போடுவார்கள் என்பதால், உண்மையான மாவுச்சத்து பெரும்பாலும் நம் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். சந்தேகமாக இருந்தால் சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள். கோதுமை மாவு, சோள ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை தென்பட்டால் வேறு பவுச்சுக்குப் போய்விடலாம். கோதுமை குளூட்டன் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் புரதம்தான்.

கிபில்: சாதாரணமும் ‘டயபெடிக்’கும்

கிபிலை இயந்திரத்தில் அழுத்தி உப்பவைத்தெடுப்பதற்கு ஸ்டார்ச் வேண்டும். அது இல்லாமல் உருண்டை உருண்டையாக நிற்காது. ‘தானியம் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் அந்த இடத்தில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளியோ உட்கார்ந்திருக்கும். நாய்க்கும் பூனைக்கும் ஒரே மூட்டையில் போடும் வீடுகளுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் அதை நிறுத்துங்கள்.

மருத்துவர் எழுதித் தரும் டயபெடிக் கிபில் சாதாரணத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதே வரிசையில் வரும் டின்னோடு ஒப்பிட்டால் பின்தங்கிவிடும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் வித்தியாசம் தெரியும். எந்த நிலையிலும் ஈர உணவைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பூனைக்கு இது சரியான மாற்று. மற்றபடி டின்தான் முதல். ஈர உணவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், சிறுநீராக நீரை இழந்துகொண்டிருக்கும் பூனைக்கு அதுவும் லாபம். அதே கலோரிக்குத் தட்டும் நிறைந்து தெரியும்.

நார்ச்சத்தா, குறைந்த மாவா?

மனிதச் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லும் நார்ச்சத்து யோசனையைத்தான் ஒரு காலத்தில் பூனைக்கும் சொன்னார்கள். 2006இல் வெளியான ஒரு ஆய்வில் 63 சர்க்கரைப் பூனைகளைப் பிரித்து இரண்டு வகை டின் உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். 16 வாரத்தில், மாவும் நாரும் குறைந்த உணவு தின்றவற்றில் 68% ஊசி தேவைப்படாத நிலைக்கு வந்தன. நடுத்தர மாவும் கூடுதல் நாரும் உள்ள உணவில் 41%. நார் உணவு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மலச்சிக்கல் உள்ள பூனைக்கு இன்றும் அதற்கு இடமுண்டு. சர்க்கரைக்காக மட்டும் என்றால் முதல் வகைதான்.

தாமதமும் விலை கேட்கும். கிளார்ஜின் இன்சுலினோடு வீட்டிலேயே சர்க்கரை பார்த்துக் கட்டுப்படுத்திய பூனைகளைப் பற்றி 2009இல் ஒரு ஆய்வு வந்தது. நோய் தெரிந்த 6 மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84% ஊசியிலிருந்து விடுபட்டன. அதற்குப் பின் தொடங்கியவற்றில் 35%தான்.

வீட்டுச் சமையல்

வேகவைத்த கோழி நெஞ்சு 50 கிராம், சோறு 50 கிராம். பார்க்க எளிய, சுத்தமான சாப்பாடு. கணக்கில் போட்டால் புரதம் சுமார் 17 கிராம், கொழுப்பு 2, மாவுச்சத்து 14. மாவுச்சத்தின் பங்கு 39%, அதாவது மேலே பார்த்த மலிவு கிபிலேதான்! பால் சோறும் தயிர்ச் சோறும் இதைவிட மோசம்.

சோற்றை எடுத்துவிட்டு வெறும் கோழி கொடுத்தால் சர்க்கரை இறங்கும். எலும்பு தேயத் தொடங்கும். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு சொற்பம். அந்தக் குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். டாரின் நீரில் கரையும் சத்து. கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குப் போகிறது. அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். ‘ஈரல் சத்து’ என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ கூடிக் கழுத்தெலும்பு இறுகும்.

மீனிலும் கண்ணி உண்டு. பச்சை நெத்திலி போன்றவற்றில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் போய்விடும். கருவாட்டில் உப்பு. மனிதர் சாப்பிடும் டூனா டின்னில் மாவு இல்லைதான், ஆனால் அதையே முழுச் சாப்பாடாக்கினால் வைட்டமின் ஈ பற்றாக்குறை வரும். குழம்பிலிருந்து அலசியெடுத்த துண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

எனவே வீட்டுச் சமையல்தான் என்றால், கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவர் எழுதிக் கொடுத்த அளவும், அதற்கான டாரின், கால்சியம், வைட்டமின் கலவையும் வேண்டும். அது முடியாதவர்களுக்கு நடைமுறை வழி: முக்கியச் சாப்பாடு ‘முழுமையான உணவு’ என்று குறித்த பேட் டின், வெறும் கோழி நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். நக்கக் கொடுக்கும் ட்யூப் க்ரீம்கள் பலவற்றில் மரவள்ளி ஸ்டார்ச் இருப்பதால், கொசுறுக்குக் கோழித் துண்டே மேல்.

எவ்வளவு, எப்போது

4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி. மேலே சொன்ன பேட் உணவு என்றால் 235 கிராம். குண்டுப் பூனைக்கு, இருக்க வேண்டிய எடைக்கான கலோரியில் 80% அளவில் தொடங்கி, வாரம் ஒரு சதவீதத்துக்கு மேல் எடை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது உணவு பிடிக்காமல் பட்டினி கிடந்தால் ‘பசித்தால் தின்னும்’ என்று விடக்கூடாது. இரண்டு நாள் தின்னாத குண்டுப் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். இரண்டு வேளை ஊசி நேரத்தில் தட்டு வைத்தால், பூனை தின்றதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம்.

சிறுநீரகம் முற்றிக் கெட்ட பூனைக்கு இந்தக் கணக்கு பின்னால் போய்விடும். அதற்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவுதான் முக்கியம்; கூடும் மாவுச்சத்தை இன்சுலின் அளவால் சமாளிப்பார்கள்.

மாற்றும் நாட்கள்

39% உணவுக்குப் பொருந்திய இன்சுலின் அளவு 8% உணவுக்கு மிக அதிகம். தாழ்சர்க்கரை வரும் வழி பெரும்பாலும் இதுதான். அதனால் முதலில் மருத்துவரிடம் புது அளவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கால் பங்கு கால் பங்காக 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். காது ஓரத்து ரத்தக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஒவ்வொரு ஊசிக்கு முன்பும், போட்டு 4 முதல் 6 மணி நேரத்திலும் பாருங்கள். மருத்துவமனை மேசையில் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும் என்பதால் வீட்டு அளவுதான் நம்பகமானது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். ஊசிக்கு முன் சர்க்கரை 150 mg/dLக்குக் கீழே இருந்தால் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நம்மூர் மருந்துக்கடையில் 40 யூனிட் சிரிஞ்சும் 100 யூனிட் சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளார்ஜின் பொதுவாக மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. அதை 40 சிரிஞ்சில் ‘ஒரு கோடு’ இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

60க்குக் கீழே இறங்கினாலோ, பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, துவண்டு படுத்தாலோ உடனே சாப்பாடு வையுங்கள். தின்னவில்லையென்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குப் போய்விடும். இந்த ஒரு தருணத்தில் மட்டும் நாம் தள்ளிவைத்த கிபிலும் கிரேவியும்கூட மருந்துதான். தேய்த்த கையோடு வண்டியை எடுங்கள்; நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் என்பதால் சர்க்கரை திரும்பவும் இறங்கும்.