மழைப் படத்துக்கு ஒரு பாலித்தீன் பை போதுமா? ஆப்டெக் ரெயின்ஸ்லீவ் மதிப்பீடு

கேமராவுக்கான மழையுறையான ஆப்டெக் ரெயின்ஸ்லீவைப் பிரித்துப் பார்த்ததும், "இதற்குப் போய்க் காசா?" என்றுதான் கேட்கத் தோன்றும். வெறும் பாலித்தீன் பை. ஒரு முனையில் சுருக்குக் கயிறு, மறுமுனை திறந்த வாய், பின்பக்கம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு ஒரு சிறு ஓட்டை. ஒரு பாக்கெட்டில் இரண்டு உறைகள் வரும். 18 அங்குல நீளம், 7 அங்குல விட்டம் உள்ள லென்ஸ் வரை உள்ளே போகும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் நைலான் உறைகள் சந்தையில் இருந்தாலும், மழையில் படம் எடுக்க விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது நம் கணிப்பு. ஒரு நிபந்தனை உண்டு. இந்த உறை கேமராவின் உடலைக் காக்கும், லென்ஸின் முன்கண்ணாடியைக் காக்காது. மழைப் படங்கள் பெரும்பாலும் வீணாவது அந்தக் கண்ணாடியில்தான்.

மாட்டும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். கழற்றக்கூடிய ஐகப் (வியூஃபைண்டரைச் சுற்றிய ரப்பர் விளிம்பு) உள்ள கேமராவானால் முதலில் அதைக் கழற்றுங்கள். திறந்த வாய் வழியாக லென்ஸை முன்னால் விட்டு கேமராவை உள்ளே தள்ளி, ஓட்டையை வியூஃபைண்டருக்கு நேராகக் கொண்டுவந்து, அதன் மேல் ஐகப்பைத் திரும்ப மாட்டினால் பிளாஸ்டிக் நகராது. பிறகு சுருக்குக் கயிற்றை லென்ஸ் ஹூட்டின் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையம்) மேல் இழுத்துக் கட்டுங்கள். ஹூட்டின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளிக் கட்டுவது நல்லது. விளிம்பிலேயே கட்டினால் அகன்ற காட்சி தரும் வைட் லென்ஸில் பிளாஸ்டிக்கின் ஓரம் படத்தின் மூலையில் தெரியும், காற்றடித்தால் மடிந்து கண்ணாடியிலும் ஒட்டும். ஹூட் இல்லாத லென்ஸில் இந்த உறைக்குப் பிடிமானமே கிடையாது. கழுத்துப் பட்டையை உறைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். வெளியே விட்டால் பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வழியும்.

உள்ளே ஆடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு இது கச்சிதம். ஆடி இல்லாத மிரர்லெஸ்ஸில்தான் தொல்லை. வியூஃபைண்டருக்கு அருகில் உள்ள கண் சென்சாரை பிளாஸ்டிக் மூடினால், முகம் நெருங்கிவிட்டதாக எண்ணி கேமரா பின்திரையை அணைத்துவிடும். மழையில் நின்று மெனுவைத் துழாவாமல், கிளம்பும் முன்பே "வியூஃபைண்டர் மட்டும்" அல்லது "திரை மட்டும்" என மாற்றி வையுங்கள். தொடுதிரையையும் அணைத்துவிடுங்கள். ஈரப் பிளாஸ்டிக் திரையில் ஒட்டும்போது ஃபோகஸ் புள்ளி தன்னிஷ்டத்துக்கு ஓடும்.

ஜூம் வளையத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் திருப்பினால் வழுக்கும். கையை உள்ளே விட்டுத்தான் திருப்ப வேண்டும். கை போகும் அந்த வாயே உறையின் பலவீனமும். கேமராவைத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பிடித்தால் கையில் விழும் மழை முழங்கைப் பக்கம் போகாமல் உறைக்குள் இறங்கும். அப்படித் தாழ்த்தி எடுப்பவர்கள் சட்டைக் கைப்பகுதியை உறையின் வாய்க்கு வெளியே இழுத்துவிட்டு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். காற்றோட்டம் இல்லாததால் கையின் வெப்பத்தில் அரை மணி நேரத்தில் உள்பக்கம் வியர்த்துவிடும். வீடியோ எடுப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். சூடும் ஏறும், பிளாஸ்டிக் படபடக்கும் சத்தமும் ஒலிப்பதிவில் விழும்.

இனி முன்கண்ணாடி. ஹூட் கட்டாயம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். படம் எடுக்காத நேரத்தில் லென்ஸ் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். குறைந்தது மூன்று மைக்ரோஃபைபர் துணி, ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் பையில். ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நாலாவது துடைப்பில் அது தண்ணீரை எடுக்காது, பரப்பும். துளியை முதலில் ப்ளோயரால் (அழுத்திக் காற்று ஊதும் ரப்பர் குமிழ்) ஊதித் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் துடையுங்கள். வைட் லென்ஸில் எஃப் 11, 16 என லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கச் சுருக்கக் கண்ணாடியில் உள்ள துளிகள் துலக்கமாகத் தெரியும். தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் துளையை எஃப் 2.8, 4 எனத் திறந்து வைத்தால் ஒன்றிரண்டு துளிகள் தடம் தெரியாமல் கரையும். கனமழையில் 70-200 மில்லிமீட்டர் போன்ற டெலி லென்ஸே நிம்மதி.

கண்ணாடியில் ஆவி படிவது வேறு கதை. 23 டிகிரி ஏசி அறையிலோ காரிலோ இருந்த கேமராவைப் புழுக்கமான மழைக்குள் எடுத்தால் நொடியில் மங்கும். துடைத்தாலும் திரும்பப் படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. பையை மூடியபடி வெளியே வைத்து 20 முதல் 30 நிமிடம் காத்திருப்பதுதான் வழி. காரில் போகிறவர்கள் இறங்கும் இடத்துக்கு அரை மணி முன்பே ஏசியை நிறுத்திவிடலாம்.

உறை மாட்டியாயிற்று, கண்ணாடியும் சுத்தம். ஆனாலும் படத்தில் மழையே தெரியவில்லை என்பது பொதுவான புகார். காரணம் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் வெளிச்சத்தின் திசையும். ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/1000 நொடியில் அது நகர்வது 9 மில்லிமீட்டர்தான், எனவே புள்ளியாக நிற்கும். 1/125-இல் 7 சென்டிமீட்டர் கோடு. 1/60-இல் 15 சென்டிமீட்டர். 1/30-க்குக் கீழே போனால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, மூடுபனி போல் ஆகிவிடும். நம் தெருமழைக்கு 1/60 முதல் 1/125 வரை பொருத்தம். துளி தெரிய வேண்டுமானால் பின்னாலிருந்து வெளிச்சமும் அதற்குப் பின்னே இருட்டும் வேண்டும். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்தால் எந்த ஷட்டரும் உதவாது. கேமராவில் மாட்டிய ஃபிளாஷ், லென்ஸுக்கு அருகே விழும் துளிகளை வெள்ளை உருண்டைகளாக்கிப் படத்தைக் கெடுக்கும்.

சென்னை இதற்கு வாகான ஊர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் விட்டு விட்டுக் கொட்டும். அண்ணா சாலையிலோ பாரிமுனையிலோ மாலை ஆறு மணிக்கு மேல், எதிரே வரும் ஆட்டோ விளக்குகளை நோக்கி நின்றால் மழைக்கோடு தானாக எழும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200, எஃப் 4, ஷட்டர் 1/100 எனத் தொடங்கலாம். ஈரத் தாரின் கருமையைப் பார்த்து கேமரா எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஏற்றிவிடும் என்பதால் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி ஃபோகஸ் அருகே விழும் துளிகளைத் துரத்தினால் ஒருமுறை பூட்டிவிட்டு, அந்தத் தூரத்துக்கு ஆள் வரும்வரை காத்திருங்கள். சாலையில் தேங்கிய நீரில் கடை விளக்கு பிரதிபலிப்பதை எடுக்கப் பளபளப்பைத் தடுக்கும் வடிகட்டியான போலரைசரைக் கழற்றிவிட வேண்டும். அது அந்தப் பிரதிபலிப்பையே அழித்துவிடும்.

வால்பாறையில் கணக்கு தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை நாள் முழுக்கச் சிணுங்கும். துளி சிறியது, வெளிச்சம் குறைவு, மழைக்கோடு கிடைக்காது. இங்கே எடுக்க வேண்டியது ஈரத்தை. தேயிலை இலைகளின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பைப் போலரைசர் நீக்கும்போது பச்சை ஆழமாகும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், எனவே முக்காலி வேண்டும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) கிடைத்தால் அதன் கறுப்பு ரோமத்தில் நிற்கும் துளிகள் அருமையான படம். அங்கே போலரைசரைக் கழற்றி ஷட்டரை 1/250-க்கு ஏற்றுங்கள். ஆளியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும்போது கார் கண்ணாடியை இறக்கி வைத்தால் ஆவிப் பிரச்சினையும் தீரும். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு மட்டும் இந்த உறையில் பதில் இல்லை.

சிரபுஞ்சியில் ரெயின்ஸ்லீவ் தோற்கும். மேகாலயாவின் பள்ளத்தாக்கு விளிம்புகளில் காற்று கீழிருந்து மேலே ஏறும்போது நீர்த்துகள்களையும் தூக்கி வரும். திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கும் உறைக்கு அது நேர் எதிரி. அங்கே அடியிலும் மூடக்கூடிய, கைக்குத் தனிக் குழாய் வைத்த நைலான் உறை வேண்டும். 340 மீட்டர் உயர நோகலிகாய் அருவி, மழைக்காலத்தில் மேகத்துக்குள் ஒளிந்து ஒளிந்துதான் தெரியும். மேகம் விலகும் நேரம் சில நிமிடங்களே இருக்கலாம் என்பதால் உறையைக் கழற்றாமல் முக்காலியில் தயாராக நிறுத்துங்கள்.

மும்பை மரைன் டிரைவில் தெறிப்பது மழையோடு கலந்த கடல்நீர். உறை தாங்கும், ஆனால் ஹூட்டிலும் முக்காலியின் மூட்டுகளிலும் உப்பு படியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றைக்கே துடைக்காவிட்டால் திருகுகள் இறுகத் தொடங்கும்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் வேளையில் உறையைக் கழற்றிவிடலாம், சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். வானவில்லின் ஆரம் 42 டிகிரி. முழு வில்லையும் ஒரே சட்டத்தில் அடக்க ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 20 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான லென்ஸ் வேண்டும். போலரைசரைத் தவறாகத் திருப்பினால் வில்லே மறைந்துபோகும்.

"என் கேமராவே வெதர் சீல்டு (ஈரம் புகாதபடி மூடியது), உறை எதற்கு?" என்பவர்களுக்கு: பல நிறுவனங்கள் அந்தச் சொல்லுக்கு எந்த அளவுகோலும் தருவதில்லை. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 போன்ற சில கேமராக்கள் மட்டும் ஐபி53 எனத் தூசி, நீர்க் காப்புத் தர எண்ணோடு சொல்கின்றன. அதில் 3 என்பது செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு வரை வரும் சாரலைத் தாங்கும் என்பது. அதற்கும் அதே தரத்தில் மூடப்பட்ட லென்ஸ் மாட்டியிருக்க வேண்டும். பாட்டரி மூடியோ கார்டு மூடியோ மழையில் திறந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அத்தகைய கேமரா வைத்திருப்பவருக்குத் தூறலில் உறை வேண்டாம், கொட்டும் மழையில் வேண்டும்.

ரெயின்ஸ்லீவ் கிடைக்காத ஊரில் 12-க்கு 18 அங்குல கனமான பாலித்தீன் பையும் இரண்டு ரப்பர் பேண்டும் பாதி வேலையைச் செய்யும். ஹூட் அளவுக்கு மூலையை வெட்டி, வெட்டிய விளிம்பை ஹூட்டின் மேல் மடித்துக் கட்டுங்கள். கண்ணோட்டை மட்டும் ஒழுங்காக அமையாது. ரெயின்ஸ்லீவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான்.

வீடு வந்ததும் உறையை உள்வெளியாகத் திருப்பிக் கொடியில் போடுங்கள். காயாமல் மடித்தால் அடுத்த முறை பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு கிழியும். பார்த்து மாட்டினால் ஒன்று பல மழைக்கு வரும், முதலில் போவது கயிறு ஓடும் மடிப்புதான். கேமராவைத் துடைத்து, லென்ஸைக் கழற்றாமல் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட காற்றுப்புகா டப்பாவுக்கு மாற்றுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 60-ஐத் தாண்டி வாரக்கணக்கில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஆரஞ்சு நிற மணிகள் கரும்பச்சையானதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மீண்டும் வேலைக்கு வரும். கிழிந்த உறையை மலையில் போட்டுவிட்டு வராதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பிளாஸ்டிக் சோதனை கடுமை, பையில் ரெயின்ஸ்லீவ் இருந்தால் கேமரா உறை என்று எடுத்துக் காட்டத் தயாராக இருங்கள்.