செகா ட்ரீம்காஸ்ட்: குன்னூர் ஈரத்தில் ஒரு பழைய கருவியின் மதிப்பீடு

பழைய வீடியோ கேம் கருவிகளில் ஒன்றே ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு நான் செகா ட்ரீம்காஸ்டைத்தான் பரிந்துரைப்பேன். எனினும் நீலகிரியில் வசிப்போர் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகே பணத்தை எண்ணித் தர வேண்டும். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், மறு ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த இந்தக் கருவியின் உற்பத்தி 2001 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. உலகம் முழுவதும் விற்றவை ஏறத்தாழ 91 லட்சம். இவ்வளவு நல்ல கருவி ஏன் இரண்டரை ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இதை மதிப்பிட முடியாது. இதை இயக்கும்போது கண்ணில் படும் நிறை குறைகள் பலவற்றுக்குப் பின்னால் செகா நிறுவனத்தின் வணிக முடிவுகளே நிற்கின்றன.

எனக்குக் கிடைத்தது ஐரோப்பியப் பதிப்பு. குன்னூரில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்த சாமான்களோடு, இரண்டு கன்ட்ரோலர்களும் சில டிஸ்க்குகளும் சேர்த்து 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். மூடியின் மேலுள்ள சுருள் சின்னம் நீல நிறத்தில் இருந்தால் அது ஐரோப்பியக் கருவி என்று அறியலாம். ஜெர்மனியில் டிவோலா என்ற வேறொரு நிறுவனம் அதேபோன்ற ஆரஞ்சுச் சுருளை முன்பே பயன்படுத்தி வந்ததால் ஐரோப்பாவுக்கு மட்டும் நிறத்தை மாற்றினார்கள். நமக்கு இந்த நிறம் முக்கியம். நீலச் சுருள் கருவி நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக ஏற்கும். ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. பின்பக்கத்தில் பொருந்துவது பழைய டேப்ரெக்கார்டருக்குப் போடும் அதே இரட்டைத் துளை ஒயர்தான் என்பதால், மார்க்கெட்டில் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் மாற்று கிடைக்கும்.

நம் ஊர் ஈரம் இக்கருவிக்கு முதல் எதிரி. மழை மாதங்களில் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கருவி முதல் வாரத்திலேயே ஆட்டத்தின் நடுவில் தானாக அணைந்து, மீண்டும் தொடக்கத் திரைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, தம்மிடம் இருந்தவரை ஒழுங்காக ஓடியதாகச் சொல்லிவிட்டார். டிவி மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, "சார், லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. பவர் போர்டுல பின்னு கறுத்துப் போச்சு, அதான் கரண்ட் சரியா ஏறல" என்றார். பவர் போர்டையும் மெயின் போர்டையும் இணைக்கும் ஆறு பின்களை கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, லேசாக வளைத்து இறுக்கியதும் கோளாறு நின்றது. ட்ரீம்காஸ்டுக்கே உரிய பழைய நோய் இது. மலையில் சற்று விரைவாக வருகிறது, அவ்வளவுதான். துணி அலமாரிக்குள் சிறிய குண்டு பல்பை எரியவிடும் வழக்கமுள்ள வீடுகளில் கருவியையும் டிஸ்க்குகளையும் அங்கேயே வைத்துவிடலாம்.

கன்ட்ரோலர் பெரியது, ஒயர் உடலின் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதாவது ஆடுபவரை நோக்கி வெளிவருவது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அதன் நடுவில் செருகும் விஎம்யூ என்ற சேமிப்பு அட்டை அருமையான கற்பனை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அதற்குச் சொந்தமாகச் சிறு திரையும் பொத்தான்களும் உண்டு. கழற்றி எடுத்துத் தனியாகவும் ஆடலாம். அதன் இரண்டு பட்டன் செல்களும் தீர்ந்துபோனால், கருவியைப் போடும் ஒவ்வொரு முறையும் நீளமாக ஒரு 'பீப்' சத்தம் வரும். சேமித்த ஆட்டம் அழியாது, காதுக்குத்தான் தொல்லை. டிஸ்க் டிரைவ் எழுப்பும் கரகர ஓசையும் இயல்பானதே.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை விட்டுவிட்டு கணினித் திரைக்குப் போடும் விஜிஏ கேபிளில் இணைத்தால், 1998-இல் வந்த கருவியா இது என்று வியக்கும் அளவுக்குத் தெளிவு கிடைக்கிறது. சோல்காலிபர், கிரேஸி டாக்ஸி, விர்ச்சுவா டென்னிஸ் மூன்றும் இன்றும் சலிப்பதில்லை.

வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது "ஃபிஃபா இருக்கா அங்கிள்?" என்பதுதான். இல்லை, ஒருபோதும் இருந்ததும் இல்லை. ஃபிஃபா கால்பந்து ஆட்டங்களை வெளியிட்டுவந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ட்ரீம்காஸ்டுக்கு ஓர் ஆட்டம்கூட வெளியிடவில்லை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுப் பிரிவை முழுவதும் தங்களுக்கே விட்டுத்தர வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகவும், அப்போதுதான் விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனத்தை வாங்கியிருந்த செகா அதற்கு மறுத்ததாகவும், அமெரிக்கப் பிரிவின் தலைவராக இருந்த பெர்னி ஸ்டோலார் பின்னாளில் கூறினார். அமெரிக்காவுக்கு அந்த மறுப்பு நியாயமாகவே பட்டிருக்கும். விஷுவல் கான்செப்ட்ஸ் செய்த கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் உண்மையில் தரமானவை. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவில் செகா என்ன செய்துகொண்டிருந்தது? ஆர்சனல் அணியின் சட்டையில் ட்ரீம்காஸ்ட் பெயரைப் பொறிக்கப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. கால்பந்து ரசிகரின் நெஞ்சில் விளம்பரத்தை ஒட்டிவிட்டு, அவர் கடைக்கு வந்து கேட்கும்போது தருவதற்கு உருப்படியான கால்பந்து ஆட்டம் இல்லாமல் நின்ற நிறுவனத்தை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இருந்தாலும் இக்கருவியைச் சாய்த்தது இதுவன்று என்பது என் கருத்து. ட்ரீம்காஸ்ட் பிறப்பதற்கு முன்பே அதன் விதி பாதி எழுதப்பட்டுவிட்டது. மெகா டிரைவ் கருவியால் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போட்டி நிறுவனமான நின்டெண்டோவுக்கே சவால் விட்ட செகா, அடுத்து என்ன என்பதில் டோக்கியோ தலைமையகமும் கலிபோர்னியாவில் இருந்த அமெரிக்கப் பிரிவும் ஒத்துப்போகாமல் தடுமாறியது. 1994 நவம்பரில், மெகா டிரைவின் தலையில் செருகும் 32எக்ஸ் என்ற இணைப்பை அமெரிக்காவில் 159 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். அதே மாதம் ஜப்பானில் சாட்டர்ன் என்ற முற்றிலும் புதிய கருவியை வெளியிட்டார்கள். 32எக்ஸ் வாங்கியவர், தாம் வாங்கியது சில மாதங்களில் கைவிடப்படப்போகும் பொருள் என்பதைப் பணம் கொடுத்த பிறகே உணர்ந்தார். அதற்கென வந்த ஆட்டங்கள் மிகச் சில.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் மோசம். அமெரிக்காவில் சாட்டர்ன் 1995 செப்டம்பர் 2-இல் வரும் என்று அறிவித்திருந்தார்கள். மே 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியின் முதல் பதிப்பில் மேடையேறிய, செகாவின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் டாம் கலின்ஸ்கி, சாட்டர்ன் ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது என்றும் விலை 399 டாலர் என்றும் அறிவித்தார். சோனியின் புதிய பிளேஸ்டேஷன் கருவியை முந்த வேண்டும் என்ற டோக்கியோ தலைமையின் வற்புறுத்தல் அது. கையிருப்பு குறைவாக இருந்ததால் நான்கே நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும் சரக்குப் போனது. வால்மார்ட், பெஸ்ட் பை போன்ற பெரிய கடைகளுக்குத் தகவல்கூட இல்லை. கேபி டாய்ஸ் கடைத் தொடர் வெகுண்டு, சாட்டர்னை இனி விற்கவே மாட்டோம் என்றது. செப்டம்பரைக் குறிவைத்து ஆட்டங்களைத் தயாரித்துக்கொண்டிருந்த வெளி நிறுவனங்களிடம் அன்று விற்பதற்கு எதுவும் இல்லை. சற்று நேரத்தில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து "299" என்ற ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷன் நூறு டாலர் மலிவு என்பதைச் சொல்ல அவருக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

சாட்டர்னின் உள்ளமைப்பும் அதற்கு உதவவில்லை. இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2 செயலிகளை ஒரே பாதையில் கட்டிப்போட்ட அந்தக் கருவிக்கு நிரல் எழுதுவது பெருந்தொல்லை. செகாவின் அடையாளமான சோனிக் பாத்திரத்துக்கென அமெரிக்காவில் உருவாக்கிய புதிய முப்பரிமாண ஆட்டமும் பாதியில் கைவிடப்பட்டது. 1997 ஈ3-இல் ஸ்டோலார் சாட்டர்ன் எங்கள் எதிர்காலமன்று என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கடையில் சரக்கை அடுக்கி வைத்திருந்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? 1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செகாவின் நிகர நட்டம் 3,560 கோடி யென்.

இத்தனைக்கும் பிறகு வந்த ட்ரீம்காஸ்டில் செகா பெரும்பாலும் சரியாகவே நடந்துகொண்டது என்பதுதான் வருத்தம். நிரல் எழுத எளிதான ஒற்றைச் செயலி, 199 டாலர் விலை, 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்கக் கடைகளில் 18 ஆட்டங்கள், உள்ளேயே இணைய மோடம். முதல் நாள் விற்பனையும் அமோகம். ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. மெகா சிடி (மெகா டிரைவுக்கான இன்னொரு இணைப்பு), 32எக்ஸ், சாட்டர்ன் என்று அடுத்தடுத்து ஏமாந்தவர்களில் பலர், பிளேஸ்டேஷன் 2 வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தனர். 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்த அந்தக் கருவி டிவிடி படங்களையும் ஓட்டியது. ட்ரீம்காஸ்டின் ஜிடி-ரோம் தட்டு ஒரு ஜிகாபைட் அளவோடு நின்றது, படமும் ஓடாது. டிவிடியைத் தவிர்த்துச் சிக்கனம் பார்த்ததை நான் பிழை என்று சொல்லமாட்டேன். 199 டாலர் விலைக்கு அது கட்டுப்படியாகியிருக்காது.

திருட்டு டிஸ்க்கே ட்ரீம்காஸ்டைக் கொன்றது என்று பலரும் சொல்வதுண்டு. மில்-சிடி என்ற இசைத்தட்டு வசதிக்காகத் திறந்துவைத்த வழியில், சாதாரண சிடியில் நகலெடுத்த ஆட்டங்கள் எந்த மாற்றமும் செய்யாமலே ஓடின என்பது உண்மை. ஆயினும் பிளேஸ்டேஷனுக்கும் திருட்டு டிஸ்க்குகள் தாராளமாகக் கிடைத்தன. நம் ஊர்ப்பக்கத்து கேம் சென்டர்களே அதற்குச் சாட்சி. ஆனாலும் பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. கைவசம் பணம் இருந்திருந்தால் செகா அந்த அடியைத் தாங்கியிருக்கும். 2001 ஜனவரி 31-இல் கருவித் தயாரிப்பை விடுவதாக அறிவித்த நிறுவனம், அதன் தலைவர் இசாவ் ஒகாவா தம் சொந்தச் சொத்திலிருந்து வழங்கிய ஏறத்தாழ 70 கோடி டாலரால் உயிர் பிழைத்தது. அந்த மார்ச் மாதத்திலேயே அவர் இறந்தார். அதன்பின் செகா பிறர் கருவிகளுக்கு ஆட்டம் எழுதும் நிறுவனமாயிற்று.

இனி, வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியவை. கருவியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ரீசெட் கோளாறு வெளிப்படாது. ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் கேட்டால் உள்ளே இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதே வகையைத்தான் மாற்ற வேண்டும், சாதாரண பட்டன் செல்லைச் சால்டர் செய்து பொருத்த யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். லென்ஸ் போயிருந்தால் டிரைவை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு பலகை பொருத்தும் வழி உண்டு. ஈரத்துக்கும் அதுவே பாதுகாப்பு, என்றாலும் அசல் டிஸ்க் சுழலும் ஓசை போய்விடும் என்பதால் நான் இன்னும் மாற்றவில்லை. நீலச் சுருள், வேலை செய்யும் டிரைவ், குறைந்தது ஒரு விஎம்யூ ஆகிய மூன்றும் இருந்தால் நான் கொடுத்த விலை நியாயமானதே. விஎம்யூ இல்லாத கருவிக்கு 6,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம்.