அணியத்து மோட்டார்: வால்ஐக்கு வரம், ஸ்மால்மவுத்துக்கு வம்பு

நீர் புகாமல் காக்கும் சீலை மாற்றி, அடிப்பாகத்தைத் திரும்பப் பூட்டி, மீன்பிடி படகின் மின்மோட்டார் மறுபடி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஏறிவிட்டது. அதே வாரம் பார்த்து அதன் விலையும் இறங்கியிருக்கிறது. "இப்போ வாங்கலாமாண்ணே?" என்று நண்பர் கேட்கிறார். 24 வோல்ட், 80 பவுண்டு உந்துவிசை, 60 இன்ச் தண்டு, ஜிபிஎஸ் நங்கூரம் (இரும்பு போடாமல் மோட்டாரே படகை ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்கும் வசதி) என்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். வால்ஐ, ஸ்மால்மவுத் பாஸ் என்ற இரண்டு மீன்களையும் தேடிப் போகும் சீசன் தொடக்கத்தில் மில் லாக்ஸ் ஏரியில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் இருக்காது. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சங்கதியைத்தான் விற்கிறார்கள்.

ஏரியைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றது புரியும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் சுமார் 1,32,000 ஏக்கர் பரப்பு. ஆழமோ எங்கே தேடினாலும் 42 அடியைத் தாண்டாது. இப்படி அகன்று கிடக்கும் ஆழமில்லாத நீரில் காற்று பிடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடைவெளி இல்லாமல் வரும். வடக்கே மணல், தெற்கே கல்மேடுகள். வால்ஐ சீசன் மே 9-க்கும் 15-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை திறக்கும். அன்று தண்ணீர் பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரி ஃபாரன்ஹீட். 2013-இல் திறப்பு நாளன்று ஏரியில் பனிக்கட்டியே கிடந்தது. அந்த நேரத்தில் வால்ஐ முட்டையிட்டு முடித்து, கரையோரக் கல்லில் 5 முதல் 10 அடி ஆழத்தில் இரை தேடும். ஸ்மால்மவுத் பாஸுக்கு இன்னும் முட்டையிடும் காலம் வரவில்லை. தண்ணீர் 60 டிகிரியை நெருங்கும்வரை வெயில் விழும் விரிகுடாக்களின் ஓரம் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மீனும் ஒரே நாளில், சில சமயம் ஒரே கல்மேட்டில் கிடைக்கும். சிக்கலும் அங்கேயேதான் பிறக்கிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது. வால்ஐக்கு இந்த ஜிபிஎஸ் நங்கூரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. காற்று அடிக்கும் கரைதான் வால்ஐயின் கரை. அலை கல்லில் மோதி நீர் கலங்கினால் வெளிச்சம் குறையும், சின்ன மீன்கள் தடுமாறும், மங்கலிலும் பார்க்கிற கண் வைத்திருக்கும் வால்ஐ வேட்டைக்கு வரும். அங்கே இரும்பு நங்கூரம் போட்டால் கல்லிடுக்கில் மாட்டும். மாட்டாவிட்டாலும் கயிறு விட்டுப் பிடித்துப் படகை நிறுத்துவதற்குள் மீன் நகர்ந்துவிடும். இதில் ஒரு பொத்தான் போதும். படகு ஐந்தாறு அடி வட்டத்துக்குள் நிற்கும். கல்மேட்டின் காற்றுமுகப் பக்கம் நின்று தக்கையைக் காற்றோடு விட்டால் அதுவே மேட்டின் மேல் மிதந்து போகும். தூண்டிலைத் தரையிலிருந்து ஓரடி மேலே நிறுத்துங்கள். 1/32 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) போதும். தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால் இரைக்குக் குத்திய அட்டை சுருண்டு உருண்டையாகிவிடும், அதனால் பயனில்லை. அப்போது 1/8 அவுன்ஸ் ஜிக்கில் ஷைனர் மீனைக் குத்தி, தரையைத் தொட்டுத் தொட்டு மெதுவாக இழுக்க வேண்டும். இடம் பிடிக்கவில்லை என்றால் படகை ஐந்து அடி முன்னேயோ பக்கத்திலோ தள்ளிவைக்கும் பொத்தான் இருக்கிறது. அதற்குக் கோயில் கட்டலாம்.

இனி எரிச்சல். சத்தம்.

மோட்டார் சத்தம் என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஓடும்போது இது அமைதிதான். தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் போராடும்போதுதான் கத்துகிறது. அணியம் அலையில் எழும்பும்போது புரொப்பெல்லர் நீர்மட்டத்தை நெருங்கிக் காற்றை உறிஞ்சும். பிடிமானம் போகும், படகு பின்னால் நழுவும். ஜிபிஎஸ் அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டும். அடுத்த நொடி அணியம் இறங்க, வேகமாய்ச் சுழலும் புரொப்பெல்லர் 'குர்ர்' என்று தண்ணீரை அறையும். பத்து விநாடிக்கு ஒருமுறை இதே கூத்து. கலங்கிய நீரில் வால்ஐ இதைச் சட்டை செய்வதில்லை. அலைச் சத்தத்தோடு அதுவும் ஒன்று. ஸ்மால்மவுத் அப்படியல்ல. 2005-இல் இந்த ஏரியில் வரிச்சிப்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை பெருகிய பிறகு தண்ணீர் வெகுவாகத் தெளிந்துவிட்டது. ஐந்தடி நீரில் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது என்றால் அங்கிருக்கும் மீனுக்கும் படகு தெரிகிறது என்றுதான் பொருள். அந்த நீரில் ஒரு 'குர்ர்' போதும். கல்லோரம் நின்ற கூட்டம் மொத்தமாக விலகிவிடும். 2017-இல் பாஸ்மாஸ்டர் இதழ் அமெரிக்காவின் முதல் பாஸ் ஏரி என்று தேர்ந்தெடுத்த இடத்தில் நின்றுகொண்டு, மோட்டாரின் ரிமோட்டை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு, முழுக்குணம் கிடையாது. தண்டை ஆழமாக இறக்குவது முதல் வேலை. அமைதியான நீரில் புரொப்பெல்லரின் மேல்முனை ஓரடி முழுகியிருந்தால் சரி. இரண்டடி அலைக்கு அது பற்றாது. அணியம் உயர்ந்த வால்ஐ படகுகளுக்கு 60 இன்ச் தண்டு குட்டை. 72 இன்ச் வேண்டும். ஆனால் ஆழமாக இறக்கிய புரொப்பெல்லர் நாலடிக் கல்மேட்டில் பாறையைத் தட்டும், அதைப் பூட்டி வைத்திருக்கும் சின்னக் கம்பி (பின்) முறியும். ஆக, இடத்துக்கு இடம், தண்டைப் பிடித்திருக்கும் காலரைத் தளர்த்தித் தண்டை ஏற்றி இறக்குவதுதான் வழி. குளிரில் விறைத்த விரல்களோடு அதைச் செய்து பார்த்தால் தெரியும். இரண்டாவது, பின்னால் இருக்கும் பெரிய எஞ்சினைத் தூக்கி வைக்காமல் நீரிலேயே விடுங்கள். அது சுக்கான் மாதிரி வேலை செய்து வால்பக்கம் அலைவதைக் குறைக்கும். மோட்டாரும் அடிக்கடி திருத்திக்கொள்ளாது. மூன்றாவதுதான் உண்மையில் பலன் தருவது: ஸ்மால்மவுத் இடத்தில் நங்கூரப் பொத்தானைத் தொடவே கூடாது. எழுபது, எண்பது அடி தள்ளி, காற்றுமுகத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படகை நழுவ விடுங்கள். 10 பவுண்டு பின்னல் தூண்டில் நரம்பு, அதன் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (தூண்டிலை ஒட்டிய முனை நரம்பு), 1/10 அவுன்ஸ் நெட் ரிக் (சின்ன ஜிக்கில் குத்திய ரப்பர் இரை). தண்ணீர் 50 டிகிரி அளவில் இருந்தால் நீரில் அசையாமல் நிற்கும் ஜெர்க்பெய்ட் (வெட்டி இழுக்கும் செயற்கை மீன்). இரண்டு இழுப்பு, பிறகு ஏழெட்டு விநாடி சும்மா. அந்தச் சும்மாவில்தான் மீன் அடிக்கும். லீடரை அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள்; சிப்பி ஓடுகள் அதைச் சீவி வைத்திருக்கும்.

அதாவது, நிறைய விலை கொடுத்து வாங்கிய வசதியை அணைத்து வைத்தால்தான் பாதி நாள் மீன் கிடைக்கும்.

பழுது விஷயத்துக்கு வருவோம். இதுவும் நங்கூர வசதியோடு சம்பந்தப்பட்டதே. மோட்டார் தன் இஷ்டத்துக்குச் சுழன்று திரும்புவதால், தளர்ந்து கிடக்கும் பின்னல் நரம்பை எப்போது விழுங்கும் என்று சொல்ல முடியாது. நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் அதன் அச்சில் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, மோட்டாரும் ஓடும். சுற்றச் சுற்ற அது சீலின் உதட்டை அறுக்கும், நீர் உள்ளே போகும். அப்புறம் துரு, பேரிங் இரைச்சல், கடைசியில் பணிமனை. ஒவ்வொரு நாள் முடிவிலும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 9/16 இன்ச் ஸ்பேனர் போதும். கழற்றுமுன் அந்தப் பின் கம்பி கிடைமட்டமாக இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது நழுவி விழும். சுற்றிய நரம்பைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிரித்தெடுங்கள்; கத்தி சீலில் பட்டால் நரம்பு செய்யாததை நீங்களே செய்துவிடுவீர்கள். திரும்ப மாட்டும்போது நட்டு இறுகிய பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். உபரியாக ஒரு பின் கம்பி, ஒரு நட்டு, ஒரு வாஷர் படகிலேயே கிடக்கட்டும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு வேகத்தில் இது 56 ஆம்ப் வரை இழுக்கும். பாதி வேகத்தில் அதில் பாதியைவிடவும் நன்றாகக் குறைவு. பேட்டரியைத் தின்பது வேகத்தின் கடைசி இரண்டு படிகள்தான், பலத்த காற்றில் நங்கூரம் அங்கேதான் போய் நிற்கும். ஈய பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். லித்தியம் அந்த அளவு சோராது, ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாதத் தொடக்க இரவுகளில் அங்கே உறைநிலை வரலாம், ஆகவே சார்ஜரைப் போடுமுன் பேட்டரியின் வெப்பநிலையைப் பாருங்கள். 60 ஆம்ப் பிரேக்கர் வைக்காமல் நேரடியாக இணைப்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அலையில் பாய்ந்து போகும்போது தண்டைப் பட்டையால் கட்டுங்கள். கட்டாவிட்டால் மோட்டாரைத் தாங்கும் மவுண்ட் விரிசல் விடும். கரையேறியதும் வடிகால் அடைப்பானைக் கழற்றி, இரை வாளித் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும்; சிப்பி பரவாமலிருக்க அங்கே அது சட்டம். எத்தனை வால்ஐ, எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த ஏரிக்குத் தனி விதி. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2016-இல் பிடித்த வால்ஐயையெல்லாம் திரும்ப விட வேண்டியிருந்தது, உயிர் இரைக்கும் தடை.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கரை. ஆனால் நண்பர் வாங்கலாமா என்றால், வேண்டாம். கேட்ட நண்பர் மே முழுக்க ஸ்மால்மவுத் பின்னால் திரிகிற ஆள். அவருக்கு ஜிபிஎஸ் இல்லாத, கேபிள் பெடல் வைத்த மாடலே போதும். கால் அழுத்தியபோது மட்டும் ஓடும், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். வால்ஐக்காரர் யாராவது கேட்டால் 72 இன்ச் தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். விலை இறங்கியிருப்பது 60 இன்ச்சுக்கு மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள்.