டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? தோப்புக்கு எந்த பிரஷ் கட்டர்

புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை சிசி, எத்தனை ஹெச்பி என்பதைத்தான். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு ஒன்று: இந்த மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றப்போவது யார்?

பிரஷ் கட்டர் இன்ஜின் டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் என்று இரண்டு வகை. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ-டி ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் காக்கிறது. பிரஷ் கட்டர் தயாரிக்கும் ஸ்டில் நிறுவனம் தன் சொந்த ஆயிலுக்கு 50:1 கலவை சொல்கிறது. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மற்ற டூ-டி ஆயிலுக்கு 25:1, லிட்டருக்கு 40 மில்லி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் 35.8 சிசி, அதில் ஆயில் பிடிப்பது 100 மில்லிதான்.

இப்போது கை மாறி ஊற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். கலந்த பெட்ரோல் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் போனால் புகை வரும், பிளக்கில் கரி படியும். வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் ஊற்றினால் தீர்ந்தது. பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்கில் போனால் அப்படித் தப்பிக்க முடியாது. ஆயில் இல்லாமல் ஓடிய கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்துப் புதிதாக மாற்ற வேண்டியதுதான். ஆள் மாறி ஆள் ஓட்டும் தோப்பில் நான் ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் கேன்களின் நிறமே வேறாக இருக்கட்டும்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதோ அடியில். சரியாகக் கலந்தும் இன்ஜின் பிடித்துவிட்டது என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். கலந்த பெட்ரோலை 30 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே நல்லது. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கும் பழைய பெட்ரோல் ஆகாது. ஆனால் அங்கே கெடுவது கார்பரேட்டரோடு நிற்கும், பிஸ்டன் வரை போகாது.

ஸ்டார்ட் செய்வதில் இரண்டுக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. பெட்ரோலை ஏற்றிவிடும் சின்ன ரப்பர் குமிழான பிரைமர் பல்பை, டேங்குக்குத் திரும்பும் குழாயில் பெட்ரோல் ஓடுவது தெரியும்வரை அழுத்த வேண்டும். சோக்கை மூடி, கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கனமாக நிற்கும். அங்கிருந்து வேகமாக இழுக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் 'டப்' என்று ஒருமுறை வெடித்து அணைந்ததும் உடனே சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிக்காதவர்கள்தான் தோள் வலிக்கும்வரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். சோக் மூடியபடி இழுக்க இழுக்க உள்ளே பெட்ரோல் தேங்கி, பிளக் நனைந்துபோகும். அப்படி ஆகிவிட்டால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்து, கயிற்றைச் சில தடவை வெறுமனே இழுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். சூடாக இருக்கும் இன்ஜினுக்கு எந்த வகையானாலும் சோக் வேண்டாம்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கயிற்றைத் தொடுவதற்கு முன் இன்ஜினைச் சமமாக வைத்து ஆயில் பார்க்க வேண்டும். 100 மில்லியில் 30 குறைந்தாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஜிஎக்ஸ்35-க்கு முதல் ஆயில் மாற்றம் 10 மணி நேரத்தில், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. வால்வு இடைவெளியையும் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை, எடையும் குறைவு, முடுக்கியதும் வேகம் பிடிக்கும். அதற்குப் பதிலாகப் புகைப்போக்கியின் வலையில் கரி அடைக்கும். மெஷின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் கார்பரேட்டரில் கை வைக்கும் முன் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழுவுவதும், கியர் பெட்டிக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் பார்ப்பதும் இரண்டுக்கும் பொது.

எந்த இன்ஜினையும் சீக்கிரம் கெடுக்கும் பழக்கம் ஒன்று நம் ஊரில் பரவலாக இருக்கிறது. புல் சிக்குகிறது என்று பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள். புல் வெட்டும் நைலான் நரம்பு அளவுக்கு மேல் நீண்டால் அதை நறுக்கிவிடும் சின்ன கத்தி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நரம்பு நீண்டு, இன்ஜின் திணறி, கிளட்ச் சூடேறும்; கல்லும் நேராகக் கால்மீது தெறிக்கும். தகடு இருக்கட்டும், கண்ணாடி போடுங்கள், 15 மீட்டருக்குள் ஆளையோ மாட்டையோ விடாதீர்கள். நைலான் போதும் என்றால் நைலானே போதும்: அருகு, கோரை, பூக்குமுன் பார்த்தீனியம். உண்ணிச்செடி மாதிரி கட்டைத்தண்டுக்குத்தான் பிளேடு. சொட்டுநீர்க் குழாய் ஓடும் இடத்திலும், தென்னங்கன்று, மாங்கன்று தூரிலும் இரண்டுமே வேண்டாம், கையால் பிடுங்குங்கள். மாங்கன்றின் பட்டையை நரம்பு சுற்றிலும் சீவிவிட்டால் கன்று பிழைக்காது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஸ்டில்லின் 4-மிக்ஸ் இன்ஜினில் வால்வு உண்டு, ஆனால் ஆயில் தொட்டி கிடையாது. கலந்த பெட்ரோலில்தான் ஓடும். புகையும் இரைச்சலும் குறைவு. ஆனால் வால்வு பார்க்கிற வேலையும் வரும், பெட்ரோல் கலக்கிற வேலையும் வரும், வெறும் பெட்ரோல் ஊற்றினால் கெடுகிற பயமும் அப்படியே இருக்கும். தானே கலந்து தானே ஓட்டுபவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

சரிவில், புதரில், நாள் முழுக்கத் தோளில் சுமந்து கூலிக்கு வெட்டுபவர் டூ-ஸ்ட்ரோக்கே வாங்கலாம். அவருக்குக் கலவை கைப்பழக்கம். எடை குறைவது உடம்புக்கு நல்லது. இரண்டு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, மாதம் ஓரிரு நாள் வேலை, ஓட்ட வருபவர் யாரென்று நிச்சயமில்லை என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக். விலை கொஞ்சம் கூடினாலும் யோசிக்க வேண்டாம். எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் அந்த மாடலுக்குக் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுகளின் செட்டான டயாஃபிரம் கிட்டும் ஸ்டார்ட்டர் கயிறும் கேளுங்கள். எடுத்துக் காட்ட முடியாவிட்டால் வேறு மாடல் பாருங்கள்.