சிக்ஸ்லைன் ராஸா, எல்லோ கோரிஸா? ரீஃப் டேங்குக்கு எது சரிப்படும்

ரீஃப் டேங்க்ல, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்குற கடல்தண்ணி மீன்தொட்டில, ஃபிளாட்வார்ம்ன்ற தட்டைப்புழு தலைகாட்டுனாலோ, இல்ல கிளாம்ன்ற சிப்பி ஓரத்துல குருணை மாதிரி வெள்ளையா பைரமிடெல்லிட் நத்தைங்க ஒட்டிட்டு சாறு உறிஞ்சுதுன்னாலோ ஹாபில இருக்கவங்க சொல்ற முதல் வைத்தியம் "ஒரு சின்ன ராஸ் விடுங்க"ன்றதுதான். ராஸ்ன்றது ஒரு கடல் மீன் வகை. சரி, எந்த ராஸ்? சுத்தி சுத்தி வந்தா சிக்ஸ்லைன், எல்லோ கோரிஸ் ரெண்டுலதான் நிக்கும். நான் கோரிஸ் எடுத்தவன், அதனால கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன், முன்னாடியே சொல்லிடுறேன்.

கிளீனர் ராஸ் கேக்கவே வேணாம். மத்த மீன் உடம்புல இருக்குற ஒட்டுண்ணியத் தின்னு வாழுற ஜீவன் அது, வீட்டு டேங்க்ல அதுக்கு அவ்ளோ கஸ்டமர் எங்க இருக்கு? முக்காவாசி பட்டினில போயிடும். கடல்லயே இருக்கட்டும்.

அழகுன்னு பாத்தா சிக்ஸ்லைன்தான். ஊதா உடம்புல ஆறு ஆரஞ்சுக் கோடு, பச்சை வாலு, 8 செ.மீ. சைஸ்ல ஒரு நகை. அது வேட்டையாடுறத பக்கத்துல உக்காந்து பாக்கணும், பாறைல ஒரு சந்து விடாம எட்டிப் பாக்கும், உடம்ப அசைக்காம கண்ண மட்டும் உருட்டும், டக்னு ஒரு கொத்து, முடிஞ்சுது. கோரிஸ் 12 செ.மீ. வரை வரும், ஃபுல் மஞ்சள், முதுகுத் துடுப்புல கறுப்புப் பொட்டு, அவ்ளோதான். பூச்சி தின்றதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

என் முடிவ மாத்துனது ஒரே விஷயம், அடுத்த மீன் விட முடியுமா முடியாதான்றது. சிக்ஸ்லைன் கடல்ல கிளை கிளையா இருக்குற பவளத்துக்குள்ளயும் உடைஞ்ச பவளக் குவியல்லயும் ஒரு சின்ன ஏரியாவப் புடிச்சுட்டு வாழுற மீன். நம்ம நாலடி டேங்க்ல விட்டா அந்த ஏரியான்றது மொத்த டேங்கும்தான். முதல்ல சாதுவாத்தான் இருக்கும், செட்டில் ஆனப்புறம்தான் ஆட்டம் ஆரம்பிக்கும், புதுசா ஃபயர்ஃபிஷ் மாதிரி பயந்த சுபாவமுள்ள ஒரு சின்ன மீன விட்டீங்கன்னா அதத் துரத்தித் துரத்தி ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள்ள (மேல் தண்ணி வழிஞ்சு ஃபில்டருக்குப் போற பெட்டி) தள்ளிடும், துடுப்பு கிழிஞ்சு, சாப்பாட்டுக்கே வெளிய வராம, கடைசில அது செத்துப்போகும். ஃபிளாஷர் ராஸ் மாதிரி சாதுவான சொந்தக்காரங்களக் கூட விடாது. சரி புடிச்சு வெளிய எடுத்துடலாம்னா எடுக்க முடியாது, ராத்திரி பாறைச் சந்துலதான் தூங்கும், தன்னச் சுத்தி சளில ஒரு கூடு கட்டிட்டு. பாறையெல்லாம் பிரிச்சாத்தான் ஆச்சு, பவளம் ஒட்டி வளர்ந்த பாறைய யார் பிரிப்பா? ட்ராப் வச்சா அதத் தவிர எல்லா மீனும் மாட்டும்.

கோரிஸ் அப்படி இல்ல. எங்கிட்ட இருக்குறது அதுக்கப்புறம் வந்த கோபி, கார்டினல் மீன் எதையும் சீண்டல. ஆனா அதுக்கு ஒரு செலவு இருக்கு, மணல். லைட் ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடியே தலைகீழா மணலுக்குள்ள பாஞ்சு காணாமப் போயிடும், காலைலதான் எழுந்து வரும். நைஸ் மணல் ஒரு 5 செ.மீ. கண்டிப்பா வேணும், பெரிய பெரிய பவளத் துண்டு போட்டிருந்தா வாயும் உடம்பும் காயமாகும். புது மீனத் தனியா வச்சுக் கவனிக்கிற குவாரன்டைன் டேங்க்லயும் ஒரு பிளாஸ்டிக் டப்பால மணல் வச்சே ஆகணும். புதுசா விட்டதும் சில நாள் மணலுக்குள்ளயே கெடக்கும், செத்துடுச்சுன்னு நெனச்சு மணலக் கிளறாதீங்க. சின்னச் சின்ன நத்தை, ஃபெதர் டஸ்டர்ன்ற குழாய்ப்புழு இதெல்லாம் கொஞ்சம் காலி பண்ணும், அது ரெண்டுலயும் இருக்குற தொல்லைதான்.

கோரிஸ ரெண்டு மூணா சேத்து வைக்கிறவங்களும் இருக்காங்க, நான் ஒண்ணுதான் வச்சிருக்கேன், அதனால அதப்பத்தி அடிச்சுச் சொல்ல மாட்டேன். அடில மணலே போடாத பேர்-பாட்டம் டேங்க்னா பேச்சே இல்ல, சிக்ஸ்லைன்தான், ஆனா அதக் கடைசி மீனா விடுங்க. எது எடுத்தாலும் மேல வலை மூடி போட்டுட்டு மீன் வாங்கப் போங்க, ரெண்டும் நல்லாத் தாவும்.